வரிசை எண் இருபத்து மூன்று

ஏழாம் வகுப்புத் தோழியரே,

நேற்று நான் அனுப்பிய பட்டியலில் நாற்பத்தொரு பேர் இருப்பதைக் கண்டு குழுவில் எழுந்த கூச்சலைப் படித்தேன். நாம் நாற்பது பேர்தானே என்று ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஒருத்தி, "பாவம், அவளுக்கும் வயசாச்சு" என்று எனக்காக வருந்தியிருக்கிறாள். அவள் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள் என்பது அதே பட்டியலில், பிறந்த தேதிப் பத்தியில் இருக்கிறது.

பட்டியல் சரி. தவறு வேறோர் ஆவணத்தில் இருக்கிறது. அந்த ஆவணம் என் கையெழுத்தில் இருப்பதால் விளக்கம் தர வேண்டியவளும் நான்தான். அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டே ஓய்வு பெற்றவள், இப்போது எழுதிக் கொடுக்கிறேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. நம் வகுப்பாசிரியை ஆண்டு முழுவதும் நம்மை எண் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் ஏழு. லீடரும் நானே. மற்றவர்களுக்கு அவரவர் எண் நினைவிருக்கும். அங்கேதான் சிக்கல்.

ஒன்றுகூடலுக்கு முகவரிப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று குழுவை நடத்துபவள் சொன்னபோது, எல்லோரும் ஒரே குரலில் என்னைக் காட்டினீர்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கலாம். என் மகன், "அம்மா, ஒரு ஃபார்ம் அனுப்பினா அவங்களே ஃபில் பண்ணிடுவாங்க" என்றான். உங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளவிட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாது. செய்வதை முறையாகச் செய்ய வேண்டும் என்று, சேலையூர் கேம்ப் ரோட்டில் மருந்துக் கடை மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் டேட்டாபேஸ் வகுப்பில் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள், காலை பதினொரு மணி. உடன் படித்தவர்கள் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

முதல் நாள் நான் ஒரே கட்டத்தில் பெயர், இனிஷியல், கணவர் பெயர், ஊர், தொலைபேசி எல்லாவற்றையும் காற்புள்ளி வைத்து அழகாக அடித்து வைத்தேன்.

"மேடம், இது லெட்டர் இல்ல. ஒரு கட்டத்துல ஒரு விஷயம்தான்."

"படிக்கப் புரியுதே."

"உங்களுக்குப் புரியும். அதுக்குப் புரியணுமே. நாளைக்கு மடிப்பாக்கத்துல யார் யார் இருக்காங்கன்னு கேட்டா, அது எங்க போய்த் தேடும்?"

நியாயம். பத்திகளைப் பிரித்தேன். தொலைபேசி எண்ணை 'எண்' என்று வகைப்படுத்தினேன். அதையும் 'எழுத்து' என்று மாற்றச் சொன்னாள். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே அல்லவாம். இப்படி ஒரு விதியை நான் பணியில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் பாதிக் கோப்புகளைத் திருத்தியிருப்பேன்.

இரண்டாம் வாரம், ஒவ்வொரு வரிக்கும் தனக்கே உரிய அடையாளம் ஒன்று வேண்டும் என்றாள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், ஒரே வீட்டில் நான்கு பேர் இருக்கலாம். ஆனால் அந்த அடையாள எண் ஒருத்திக்கு மட்டுமே. அந்த எண்ணை நாம் அடிக்கத் தேவையில்லை, இயந்திரமே ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டு போகும். நம் வரிசை எண்ணுக்கு அது பொருத்தமாக இருந்தது. குழுவை நடத்துபவள் பள்ளி அலுவலகத்தில் கெஞ்சி எடுத்து வந்த வருகைப் பதிவேட்டின் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பெயர்களை அடிக்கத் தொடங்கினேன். அந்தப் படத்தைக் குழுவில் போட்டபோது நீங்கள் என்னென்ன புகழ்ந்தீர்கள்! "இது நம்ம லீடர் எழுத்துடி, அச்சு மாதிரி!" என்று. நான் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு போனை மூடி வைத்தேன்.

இருபத்திரண்டு வரை பார்த்து அடித்தேன். அதற்கடுத்த பெயரை என் விரல்கள் பார்க்காமலே அடித்துவிட்டன. முழுப் பெயர், இனிஷியலோடு. நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். அந்தப் பெயர் அங்கே இல்லை. இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

வரியை நீக்கினேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. ஒரு பதிவை நீக்கப் போகிறீர்கள், இதைத் திரும்பப் பெற முடியாது, உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்றேன். அடுத்த பெயரை அடித்தேன். அதற்கு இயந்திரம் இருபத்து நான்கு என்று எண் போட்டது. முடித்துப் பார்த்தால் ஆட்கள் நாற்பது, கடைசி எண் நாற்பத்தொன்று.

"இங்க ஒரு எண் விட்டுப்போச்சு. சரி பண்ணிக் கொடும்மா."

அவள் எட்டிப் பார்த்தாள். "நீங்க ஒண்ணு அடிச்சு டெலிட் பண்ணீங்களா?"

"பண்ணேன். தப்பா அடிச்சது."

"அப்ப அந்த நம்பர் அவ்வளவுதான் மேடம். வேற யாருக்கும் தராது."

"நடுவுல ஓட்டையோட ஒரு ரெஜிஸ்டர நான் எப்படிக் கொடுக்கறது? கீழ இருக்கறவங்கள ஒவ்வொண்ணா மேல ஏத்து."

"ஏத்தக் கூடாது மேடம். இந்த நம்பர நம்பி வேற டேபிள்ல லிஸ்ட் எல்லாம் இருக்கும். நீங்க மாத்தினா ஒருத்தரோடது இன்னொருத்தர் பேர்ல போயிடும். ஆள் போனாலும் அவங்க நம்பர் அவங்களோடதுதான்."

பின் வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை போட்டேன். மாடிப்படி இறங்கி, ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் இடத்தில் நான்காவதாக ஒடுங்கி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இருபத்து நான்கிலிருந்து நாற்பத்தொன்று வரை, இயந்திரம் போட்ட ஒவ்வோர் எண்ணும் சரி. அந்த ஆண்டு ஜூன் மாதம் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட எண் அதுதான். நீங்கள் நினைவில் வைத்திருப்பது நவம்பருக்குப் பிறகு நான் கொடுத்தது.

அந்த மழைக்காலத்தைச் சொல்கிறேன். விளையாட்டு மைதானம் குளமாகி, மூன்றாம் பீரியடில் தவளைச் சத்தம் ஆசிரியையின் குரலை மீறும். ஈரப் பாவாடை பெஞ்சில் ஒட்டும். மின்சார ரயில் போனால் ஜன்னல் கம்பியில் தொங்கும் சொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழும். வடமேற்கிலிருந்து காற்று வந்தால் பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றமும் கூடவே வரும். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்ப்போம். இருபத்து மூன்று உட்கார்ந்திருந்த பக்கம். அவள் அப்பா அந்த ஷெட்டில் வேலை செய்தார். அவள் திரும்பி நம்மைப் பார்க்க மாட்டாள். கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு மட்டும் ஒரு முறை, துண்டுத் தோலில் தைத்த பேனா உறை ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். செம்மண் நிறம். மூடியில் ஒரு பித்தளைப் பொத்தான். ஏன் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. நன்றாக எழுதுகிறவளுக்கு நல்ல உறை வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

தீபாவளிக்குப் பிறகு அவள் வரவில்லை. மூன்று வாரத்துக்கு மேல். கடிதமும் இல்லை. நம் ஆசிரியைக்கு நாற்பத்தொரு தலைகளையும் எண்ணும் பழக்கம் கிடையாது. எண்ணைக் கூப்பிடுவார், யாராவது "உள்ளேன் டீச்சர்" என்பார்கள், அவர் பேனா மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் போகும். காலைக்கு ஒரு சாய்கோடு, மாலைக்கு எதிர்ச் சாய்கோடு. அப்படி வராத பெண்ணுக்கு மூன்று வாரம் வருகை விழுந்துவிட்டது. வெளியாள் யாராவது தலையை எண்ணினால் அகப்பட்டுவிடும். அந்த நேரத்தில் இன்ஸ்பெக்‌ஷன் தேதி வந்தது.

ஒரு சனிக்கிழமை ஆசிரியர் அறைக்கு என்னை வரச் சொன்னார். மேசையில் புதுப் பதிவேடு. காலிகோ துணி அட்டை, பசை வாசனை போகாத தாள்.

"ஜூன்லேர்ந்து அப்படியே பாத்து எழுது. இருபத்து மூணு வேண்டாம். அடுத்தவள மேல ஏத்திடு."

"டீச்சர், அவ?"

"அவ எங்க வரப்போறா? தோல் ஷெட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அந்த வீட்டுப் பொண்ணுங்க ஏழாவது வரைக்கும் வந்ததே அதிகம். நீ எழுது, உன் எழுத்துதான் நீட்டா இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் போதுமாயிருந்தது. மூன்று நாள் எழுதினேன். ஜூனுக்கு ஒரு பேனா, ஜூலைக்கு வேறு பேனா, ஆகஸ்டில் கொஞ்சம் வெளிறிய மை. எல்லாம் ஒரே நாளில் எழுதியது போல் தெரியக் கூடாது என்று ஆசிரியை சொன்னார். செப்டம்பர் பக்கத்தில் அவரே இரண்டு சொட்டுக் காப்பி தெளித்தார். எனக்கு அது பண்டிகை போல இருந்தது. முடித்ததும் ஒரு பச்சைப் பேனா பரிசு. அதை இருபத்து மூன்று கொடுத்த தோல் உறையில்தான் வைத்துக்கொண்டேன். இரண்டும் பொருந்தின என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வந்தார். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து எண்ணிக்கையை ஒப்பிட்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் பிடித்திருப்பார். வடை நன்றாக இருந்தது என்று குறிப்பு எழுதாததுதான் குறை.

மறு திங்கட்கிழமை அவள் வந்தாள். முகத்தில், கையில், கழுத்தில் ஆறாத அம்மைத் தழும்புகள். வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாசனை. முதலில் தம்பிக்கு, பிறகு அவளுக்கு. அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் வெளியே சொல்லி அனுப்ப மாட்டார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகுதான் வாசல் தாண்டுவார்கள். இது அந்த ஆசிரியைக்கும் தெரியும். அவர் வீட்டு வாசலிலும் அப்படித்தான் நடக்கும்.

வருகை எடுத்தார். "இருபத்து மூணு."

"உள்ளேன் டீச்சர்." இரண்டு குரல்கள். ஒன்று, மேலே ஏற்றப்பட்ட இருபத்து நான்கு.

ஆசிரியை அவளை ஒரு முறை பார்த்தார். தழும்பைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்தது என்றுதான் இன்று நினைக்கிறேன். ஆனால் பதிவேடு முடிந்து கையெழுத்தும் ஆகிவிட்டது.

"உன் பேரு இல்லையே. லீடர், இவ பேரு இருக்கா பாரு."

நான் எழுந்து போனேன். விரலை முதல் பெயரில் வைத்து, கடைசிப் பெயர் வரை இறக்கினேன். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இல்ல டீச்சர்."

"அப்பாவக் கூட்டிட்டு வா, போ."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு நாம் யாரும் பார்க்கவில்லை. உங்களில் பலர் அன்று வகுப்பில் இருந்தீர்கள். ஆனால் மூன்று மாதங்களுக்கு முன் நான், "இருபத்து மூணுன்னு ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்கா?" என்று குழுவில் கேட்டபோது, குழுவை நடத்துபவள் என்ன சொன்னாள்?

"நான்தான்டி இருபத்து மூணு! ரெஜிஸ்டர்லயே கீதே, உன் கையால எழுதினது. அப்படி ஒருத்தி இருந்தா நீ எழுதியிருக்க மாட்டியா?"

முப்பது பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினீர்கள்.

எழுத்துப்பூர்வமான சான்றை எழுத்துப்பூர்வமான சான்றால்தான் வெல்ல முடியும். பள்ளிக்கு மனு எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். மூன்றாம் முறை நேரில் போய், மனு கிடைத்ததற்கு முத்திரை கேட்டேன். முத்திரை கேட்டால் எந்த அலுவலகமும் அசையும். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்தார்கள். பூச்சி அரித்த ஓரம். அவள் பெயர், அப்பா பெயர், தொழில், பம்மலில் தெரு. பக்கத்தில் பள்ளியை விட்ட தேதி, விட்ட காரணம், மாற்றுச் சான்றிதழ் எண் என்று மூன்று பத்திகள். மூன்றும் வெறுமை. அந்தப் பதிவேட்டின்படி அவள் இன்றும் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறாள். அன்று அவள் அப்பா அலுவலகத்துக்குள் வந்து, சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. பிறகு வாழ்நாள் முழுவதும் அதைத் தவிர வேறெதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"போன நம்பர்லயே அந்த ஆளைத் திரும்பச் சேர்க்கணும். வழி இருக்கா?"

"கடைசியில நாற்பத்திரெண்டுன்னு போட்டுடுங்க மேடம். ஈஸி."

"அது புது அட்மிஷன். இவ பழைய ஆள்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பெண்ட் க்வெரின்னு ஒண்ணு இருக்கு. வேற டேபிள்ல அந்த நம்பரோட எழுதி, அங்கேர்ந்து இதுக்குள்ள தள்ளணும். ஆனா அதுக்கு முன்னாடி க்வெரி எல்லாம் படிக்கணும். ஒரு மாசம் ஆகும்."

"ஆகட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பம்மல் போனேன். தெரு அதே பெயரில் இருந்தது. மூன்றாவது வீட்டில் கேட்டதும் கை காட்டினார்கள். வாசல் படியில் ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்து, தோல் கையுறைகளில் தொங்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வேலை. கன்னத்தில் தழும்புகள் வயதோடு பள்ளமாகியிருந்தன.

"யாரு வோணும்?"

"ஏழாங் கிளாஸ்ல உன்கூடப் படிச்சேன். லீடர்."

கத்தரி நின்றது. "அடியே. நீ குண்டாயிட்டியே."

உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்ததும் வந்த வேலையைச் சொன்னேன். "அந்த ரெஜிஸ்டர நான்தான் எழுதினேன். உன்னை விட்டுட்டு."

"தெரியும்."

"எப்படி?"

"உன் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். உன் எழுத்து எனக்குத் தெரியாதா இன்னா? வெரல வச்சுகினு மேலேர்ந்து எறங்குன. இருபத்திரெண்டு தாண்டி ஒரு செகண்டு நின்ன. சொல்லிடுவன்னு பாத்தேன்."

அவள் இன்னொரு கையுறையை எடுத்தாள்.

"எங்கப்பா மறுநாள் வந்து ஸ்கூல் கேட்டாண்ட நின்னாரு. அம்மை வூடு, உள்ள வராதன்ட்டாங்க. அடுத்த வாரமே ஷெட்டுக்கு இட்டுகினு போயிட்டாரு. சரி, இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"லிஸ்ட் போடறேன். உன் நம்பரத் திரும்பப் போடணும். மெஷின் இன்னும் விடல. அதுக்குத்தான் கிளாஸ் போயிட்டிருக்கேன், இன்னும் நாலு வாரம் இருக்கு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு நம்பரு போட நாலு வாரம் பள்ளிக்கூடம் போறியா? இந்த வயசுலயா?"

"போறேன்."

"போட்டுட்டு சொல்லு."

ஆசிரியை சொன்னது பலித்தது. அவர் தீர்க்கதரிசி அல்லர். பலிக்க வைத்தது என் நீட்டான எழுத்து. அந்தப் பச்சைப் பேனாவும் தோல் உறையும் பத்தாம் வகுப்புக்கு முன்பே தொலைந்துவிட்டன. நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் அன்று எடுத்துக்கொண்டு போயிருப்பேன், அவள் சிரித்திருப்பாள்.

க்வெரி என்னும் கட்டளைகளைப் படித்தேன். மூன்று முறை தவறாகச் செய்து, ஒரு முறை உங்கள் எல்லோரையும் இரண்டிரண்டாக ஆக்கினேன். பிரதி எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தீர்கள். போன வெள்ளிக்கிழமை, தனி அட்டவணையில் அவள் பெயரையும் எண்ணையும் எழுதி, பொத்தானை அழுத்தினேன். ஒரு வரியைச் சேர்க்கப் போகிறீர்கள், திரும்பப் பெற முடியாது, உறுதிதானா என்று கேட்டது. சொல்லிக்கொடுத்த பெண் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஆம் என்றேன். இருபத்திரண்டுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"அவ்ளோதான் மேடம்," என்றாள் அந்தப் பெண். "யாரு மேடம் அவங்க?"

"என் கிளாஸ்."

அன்று மாலையே, பம்மலில் வாங்கி வந்த எண்ணில் அவளிடம் பேசினேன். போட்டாச்சு என்றேன். ஒன்றுகூடலுக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

"வந்தா அட்டனன்ஸ் எடுப்பியா?"

"எடுப்பேன்."

"நம்பர் சொல்லியா?"

"நம்பர் சொல்லித்தான்."

"பாக்கலாம்," என்று வைத்துவிட்டாள்.

வருவாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வருகை எடுப்பது உறுதி. பட்டியலைப் பார்த்து அவரவர் எண்ணை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இருபத்திரண்டு வரை மாற்றமில்லை. அதற்குக் கீழே உள்ளவர்கள் ஞாபகத்தில் இருக்கும் எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். குழுவை நடத்துபவளே, நீ இருபத்து நான்கு. சேர்க்கைப் பதிவேட்டின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், மேல்முறையீடு கிடையாது.

இருபத்து மூன்று என்று நான் கூப்பிடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. பழக்க தோஷத்திலும் கூடாது. அவள் வந்திருந்தால் அவளே பதில் சொல்லுவாள். வராவிட்டால், பதிவேட்டில் 'வரவில்லை' என்று என் கையால் எழுதிவிட்டு, அதன் பிறகுதான் இருபத்து நான்கைக் கூப்பிடுவேன்.